குளூட்டன் அண்ணையும் அரிசிப் புட்டும்

கோதுமையை எதிர்த்துத் தனியாளாகப் போர் தொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் வேலை செய்தது பாண், அதுதான் பிரெட், சுடுகிற தொழிற்சாலையில். மொன்ட்ரியாலில் சென்ட் லோரன்ட் பக்கம், கிடங்குகளுக்கும் மருந்துக் கம்பனிகளுக்கும் நடுவில் இருக்கிற தொழிற்சாலை அது. இந்த நகரத்தில் காலையில் பாண் கடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் கைபட்ட பாண்தான் போய்ச் சேர்ந்தது. அவர் வாய்க்குள் மட்டும் ஒரு துண்டும் போகாது. கள்ளுத் தவறணை நடத்திக்கொண்டே மதுவிலக்குப் பிரசாரம் செய்கிறவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படிப்பட்ட ஒருவரோடு பல வருடம் பாண் ஓடுகிற ஒரே பெல்ட்டில் நின்று மாரடித்திருக்கிறேன்.

தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது தொழிற்சாலை அடையாள அட்டையில் மட்டும் வசித்தது. எங்களுக்கு அவர் குளூட்டன் அண்ணை. குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கிற ஒரு பசைப் புரதம். மாவைப் பிசைந்தால் இழுபட்டு வருவது அதன் வேலைதான். அண்ணை என்பது எங்கள் யாழ்ப்பாணத்து மரியாதை. பிரெஞ்சுக்கார மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணை என்பது குடும்பப் பெயர் என்று நினைத்து, "பொன்ஜூர், முசியு அண்ணை" என்று தினமும் காலையில் கைகொடுப்பார்.

போருக்குக் காரணம் பரு. நாற்பதைக் கடந்த மனிதருக்கு முகம் நிறையப் பரு. கன்னத்தில் பழையவை வடுவாகிப் போவதற்குள் தாடையில் புதியவை வந்து இடம் பிடிக்கும். காலையில் என்னுடைய காரில்தான் வேலைக்கு வருவார். ஏறியவுடன் முன்னால் தொங்குகிற கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, அன்றைக்குப் புதிதாக வந்தவற்றைப் பார்ப்பார். பின்னால் வருகிற பஸ் எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது.

"எல்லாருக்கும் பதினாறிலை வந்து இருபதிலை போற சாமான் தம்பி இது. எனக்கு மட்டும் என்னோடை பிளேன் ஏறி வந்து, அகதிக் கேசும் குடுத்து, இப்ப சிற்றிசனும் எடுத்திட்டுது."

மஞ்சள் பூசிப் பார்த்தார். வேப்பிலை அரைத்துப் பூசினார். பற்பசையைப் பூசிக்கொண்டு படுத்து, தலையணையெல்லாம் வெள்ளையாக எழும்பினார். ஒன்றுக்கும் அசையவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். பளிங்கு மாதிரி முகம் உள்ள ஒருவன், தான் குளூட்டனை விட்டதாகவும் பரு தன்னை விட்டதாகவும் அதில் சொன்னான். அண்ணை கையில் இருந்த பணிஸை, அந்தக் குட்டி இனிப்புப் பாணைப் பார்த்தார். பிறகு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினார். அவ்வளவுதான். மற்றவர்கள் பிடித்த முயலுக்காவது மூன்று கால் இருக்கும். இவர் பிடித்த முயலுக்குக் காலே கிடையாது.

"ஒரேயடியா விடாமல் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாருங்கோவன் அண்ணை," என்றேன்.

"என்னட்டை அந்தக் கதை இல்லை. வைச்சால் குடும்பி, அடிச்சால் மொட்டை."

இந்த வைராக்கியத்துக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். பெயர் சுமதி. பாரிஸில் இருந்தார். சொந்தக்காரர் யாரோ கலியாணம் பேசிக் கதைக்க விட்டு, ஒரு வருடமாக இருவரும் ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கதை நன்றாகத்தான் போனது. சுமதிக்கு முப்பத்தெட்டு வயது, வெடுக்கென்று கதைக்கிறவர், அண்ணையின் பகிடிகளுக்கு உரக்கச் சிரிக்கிறவர். ஆனால் நேரே வந்து பார்த்த பிறகுதான் முடிவு சொல்வேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அண்ணைக்குப் பயம் அங்கேதான்.

ஏனென்றால் அதற்கு முன்பு ஒரு தடவை ரொறொன்ரோவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். பலகாரத் தட்டை நீட்டிய பெண்ணின் தங்கை குசினிக்குள் போய், "இந்த வயசிலையும் பருவோ?" என்று கேட்டதும், உள்ளே எல்லோரும் வாய்பொத்திச் சிரித்ததும் முன்னறைக்குக் கேட்டிருக்கிறது. பாதி கடித்த பலகாரத்தை மரியாதைக்காக முழுதாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் பகிடி விடவில்லை. "அதுக்குப் பிறகு நான் ஒரு வீட்டுக்கும் போகேல்லை தம்பி. சுமதியும் அப்பிடிச் சிரிச்சால் என்னாலை தாங்கேலாது," என்றார். அன்றைக்கு முழுவதும் கண்ணாடியை அவர் பக்கமே விட்டுவைத்தேன்.

ஆகவே சுமதி வருவதற்குள் முகம் துப்புரவாக வேண்டும். அதுவரைக்கும் அவர் முகத்தைக் காட்டக் கூடாது. வீடியோவில் கதைப்பார். ஆனால் ஃபோனைக் குசினி மேசையில் மல்லாத்திப் படுக்க வைத்துவிடுவார். அந்தப் பக்கம் சுமதிக்குத் தெரிவது அண்ணையின் வீட்டுக் கூரையும் அதில் தொங்குகிற விளக்கும்தான். "கமரா பழுது," என்று முதல் மாதம் சொன்னார். பிறகு அவரும் காரணம் சொல்லவில்லை, சுமதியும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், "உங்கட புகை மணிக்கு பற்றரி மாத்துங்கோ, சிவப்பு லைற் மினுங்குது," என்றாராம். கூரையை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று நானும் சொன்னேன்.

இனிப் போர்க்களத்துக்கு வருவோம். எங்கள் தொழிற்சாலையில் காற்றிலேயே மா பறக்கும். தோல் வழியாகவும் குளூட்டன் உள்ளே போகும் என்று அந்த வீடியோக்காரன் சொன்னானாம். அடுத்த நாள் அண்ணை சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாளை எடுத்து முகம் முழுக்கச் சுற்றி, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை விட்டுக்கொண்டு பெல்ட்டில் வந்து நின்றார். மேலாளர் அவ்வழியாக வந்தார். பாண் சுடுகிற அவணின் சூட்டில் ஆளுக்கு முகம் வெந்து, யாரோ கட்டுப் போட்டு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். அவசர நிறுத்தப் பொத்தானில் ஓங்கி அடித்தார். எல்லா இயந்திரமும் நின்றது. மா மட்டும் நிற்குமா? அது பொங்கிப் பொங்கித் தட்டைத் தாண்டி, பெல்ட்டைத் தாண்டி, தரையில் இறங்கி நடக்கத் தொடங்கியது. முதலுதவிப் பெட்டியோடு நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"கெஸ்கிசெ ஸா? இது என்ன?" என்று மேலாளர் கத்தினார்.

"சான் குளூட்டன்," என்றார் அண்ணை அமைதியாக. குளூட்டன் இல்லாத முகமாம்.

மேலாளர் கொஞ்ச நேரம் அவரையும் தரையில் நடந்துகொண்டிருந்த மாவையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாளே அண்ணையைப் பொதி கட்டுகிற பக்கத்துக்கு மாற்றினார். அங்கே மா பறக்காது. அண்ணை அதைத் தன் முதல் வெற்றி என்று கொண்டாடினார். தரை துடைத்தவர்கள் நாங்கள்.

தொழிற்சாலையில் அப்படியென்றால் வீடுகளில் வேறு மாதிரி. கோயிலில் வடை கொடுத்த ஐயரிடம், "ஐயா, இதிலை உழுந்து மட்டும்தானோ?" என்று வரிசையை மறித்துக்கொண்டு விசாரணை வைத்தார். பின்னால் நின்றவர்கள் அர்ச்சனை செய்தார்கள், சாமிக்கு அல்ல. டெப்பனரில், அதுதான் எங்கள் தெருமுனைச் சின்னக் கடையில், பூதக்கண்ணாடி வைத்து மிட்டாய்ப் பையின் பின்பக்கத்தை வாசிப்பார். என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தபோது ரசத்தை முகர்ந்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"பெருங்காயம் போட்டிருக்கோ தங்கச்சி? பெருங்காயத்துக்கை கோதம்பமா கலக்கிறவங்கள். டப்பாவிலை எழுதியிருக்கு, வாசிச்சுப் பாரும்."

என் மனைவிக்கு அன்றைக்கு ஐம்பது பேருக்குச் சமைத்த களைப்பு. "ரசத்துக்குப் பெருங்காயம் போடாமல் என்ர கண்ணீரையோ அண்ணை விடுறது?" என்றாள்.

அவரும் சும்மா வரவில்லை. கடலைமாவிலும் வாழைப்பழத்திலும் தானே செய்த கேக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை வெட்டப்போய் எங்கள் கத்தியின் பிடி கழன்றது. "பப்பா, மாமா ஏன் கல்லுக் கொண்டுவந்தவர்?" என்று மகள் பிரெஞ்சும் தமிழும் கலந்து கேட்டாள். மாமா கோபிக்கவில்லை. அந்தக் கல்லை மூலையில் உட்கார்ந்து ஒரு துண்டு மிச்சமில்லாமல் தானே சாப்பிட்டு முடித்தார். பிடிவாதக்காரனுக்குப் பல்லும் நல்லதாக அமைய வேண்டும்.

ஆனால் பரு அசையவில்லை. அசைவது எங்கே! கடையில் 'குளூட்டன் இல்லை' என்று எழுதிய பிஸ்கற் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்து, அது இல்லாத துணிவில் பெட்டி பெட்டியாக இறக்கினார். அவற்றில் குளூட்டன் இல்லைத்தான். அதற்குப் பதிலாகச் சீனி இருந்தது. கூடவே தகரத்தில் வருகிற இனிப்புப் பால் ஊற்றிய தேத்தண்ணி. ஒரே கிழமையில் முகம் கொதித்துப் போய்விட்டது. அவருக்கு உடனே குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. என்னுடைய கார். சீற்றில் பாண் துகள் கிடக்கிறதாம், அதன் காற்று படுகிறதாம். சனிக்கிழமை முழுவதும் வக்கியூமோடு என் காருக்குள் குடியிருந்தார். நான் தொலைத்திருந்த வீட்டுத் திறப்பு ஒன்று அதனால் கிடைத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் டவுன்டவுனில் இருக்கிற தோல் டொக்டரிடம் மெற்றோவில் இழுத்துக்கொண்டு போனேன். சென்னைக்கார அம்மா, நீண்ட காலமாக இங்கே இருக்கிறவர். அண்ணை சொன்ன கதையை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"இதோ பாருங்க சார். குளூட்டனை விட்டா பரு போகும்னு நிரூபணம் ஒண்ணும் கிடையாது. சிலருக்குக் குளூட்டன் குடலுக்கே ஒத்துக்காது, அது வேற வியாதி. உங்களுக்கு அது இருக்கான்னு ரத்தத்துல பார்த்துடலாம். ஆனா பார்க்குறதுக்கு முன்னாடி சில வாரம் நீங்க தினமும் பிரெட் சாப்பிடணும். சாப்பிடாம டெஸ்ட் பண்ணா ரிசல்ட்டை நம்ப முடியாது."

"பாணோ? நானோ?" அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "டொக்டர், நீங்கள் என்ர இரத்தம் முழுக்க எடுங்கோ. பாண் மட்டும் தின்னச் சொல்லாதேங்கோ."

டொக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. விட்ட நிலையிலேயே இரத்தம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. "நீங்கதான் கோதுமையே சாப்பிடறதில்லையே, இந்த ரிசல்ட்டை வச்சு நான் என்ன சொல்றது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் டொக்டர். பிறகு ஒரு கிறீமும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். சீனியைக் குறைக்கவும், பருவைக் கிள்ளாமல் இருக்கவும், மாதக்கணக்கில் பொறுமையாக இருக்கவும் சொன்னார். அண்ணை கிறீமில் குளூட்டன் இல்லை என்று பூதக்கண்ணாடியால் உறுதிப்படுத்திய பிறகு, தேவாரம் மாதிரி காலையும் மாலையும் தவறாமல் பூசினார். பிஸ்கற்றையும் தகரப் பாலையும் விட்டார். அதையும் பாதி மனதோடு விட அவருக்குத் தெரியாது.

இந்தப் போர்க் காலம் முழுவதும் அவர் உயிர் தாங்கியது புட்டிலும் இடியப்பத்திலும். "எங்கட ஆக்களின்ர சாப்பாட்டை அடிக்க ஏலாது தம்பி. சுத்த அரிசி. வெள்ளைக்காரன் இப்பத்தான் கண்டுபிடிக்கிறான்," என்பார். மூன்று நேரமும் அதுதான். அவருக்குச் சமைக்கத் தெரியாது. இளவயதிலேயே இங்கே வந்துவிட்டவர், கேக் என்று அவர் செய்ததைத்தான் பார்த்தோமே. மொன்ட்ரியால்-நோரில் ஓர் அன்ரி வீட்டிலிருந்தே புட்டவித்துக் கொடுப்பார். சனிக்கிழமைகளில் போய்ப் பொதி பொதியாக வாங்கி வந்து பிறீசரில் அடுக்குவார். முதல் தரம் போனபோதே வாசலில் நின்று கேட்டார்.

"அன்ரி, இது அரிசிப் புட்டுத்தானே?"

"பின்னை? அரிசிப் புட்டுத்தான்."

அதோடு விசாரணை முடிந்தது. உலகத்தில் அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத சாப்பாடு அந்தப் புட்டு ஒன்றுதான். வைத்துப் பார்ப்பதற்கு அந்தப் பொதியில் எழுத்தும் இல்லை.

மாதங்கள் போகப் போக, சொன்னால் நம்பமாட்டீர்கள், முகம் தெளியத் தொடங்கியது. முழுதாக அல்ல. ஆனால் சிவப்புத் தணிந்து, புதியவை வருவது குறைந்து, காரில் கண்ணாடியை எனக்கே திருப்பித் தருகிற அளவுக்கு வந்தது. "பாத்தியோ? குளூட்டன் இறங்குது," என்றார். "கிறீம் வேலை செய்யுது அண்ணை," என்றேன். அவர் புட்டை மென்றார்.

இதற்கிடையில் சுமதியின் வரவை இரண்டு தரம் தள்ளிப் போட்டிருந்தார். ஒரு தரம், சினோ கூடிப்போச்சு, பிளேன் இறங்காது என்று சொல்லியிருக்கிறார். அது யூன் மாதம், பனியே இல்லாத வெயில் காலம். பாரிஸில் இருக்கிற பெண்ணின் கைபேசியில் மொன்ட்ரியால் காலநிலை தெரியாதா? மூன்றாம் தரம் சுமதி கேட்கவில்லை, அறிவித்தார். "ஏப்ரிலிலை வாறன். ரிக்கற் போட்டாச்சு. நீங்கள் எயார்போட்டுக்கு வராட்டில் நான் அப்பிடியே திரும்பிப் போடுவன். பேந்து ஃபோன் எடுக்கவும் வேண்டாம்."

ஏப்ரில் வந்தது. தெருவோரத்தில் கறுத்த சினோ உருகி, ரோட்டெல்லாம் குழியாக இருந்த ஒரு சனிக்கிழமை காலை அவரை ஏற்றப் போனேன். கதவைத் திறந்தவர் மாஸ்க் போட்டு, தொப்பி போட்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டு நின்றார். வங்கி உடைக்கப் போகிறவர்கூட இவ்வளவு மறைக்க மாட்டார்.

"என்ன அண்ணை இது?"

மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். மூக்கு நுனியில், செக்கச் சிவந்து, புத்தம் புதிதாக ஒன்று.

"ஒரு வருசம் தம்பி. ஒரு வருசம் பாண் பாக்காமல் கிடந்தன். இண்டைக்கெண்டு வந்திருக்கு பார்." மாஸ்க்கைத் திரும்ப ஏற்றிவிட்டார். "நான் வரேல்லை. நீ மட்டும் போய்க் கூட்டிக்கொண்டு வா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க் கதை கதையாதேங்கோ. மூக்கு இருக்கிறவனுக்குத்தான் மூக்கிலை பரு வரும். ஏறுங்கோ காரிலை," என்று அதட்டினேன். என் வாழ்க்கையில் அவரை அதட்டியது அது ஒரு தடவைதான். ஏறினார்.

சுமதி வந்தார். சின்ன உருவம், பெரிய சூட்கேஸ், கக்கத்தில் கடதாசிப் பையில் நீட்டு நீட்டாக நாலு பகெற். பாரிஸ் பாண். பாரிஸில் தான் வேலை செய்வது ஒரு பாண் கடையில் என்று அவர் அண்ணைக்குச் சொல்லித்தான் இருந்தார். அந்தத் தகவலை அண்ணைதான் எனக்குச் சொல்லவில்லை. பரு, குளூட்டன் கதையை அவர் சுமதிக்கும் சொல்லவில்லை. "இவ்வளவு காலமும் கவுண்டரிலை நிண்டனான். இப்ப மா குழைக்க விட்டிருக்கினம். இது என்ர கையாலை செய்தது," என்று சுமதி சந்தோசமாக நீட்டினார்.

அண்ணை ஒரு அடி பின்னுக்குப் போனார். ஆனாலும் வாங்கினார். வீடு வரைக்கும் அந்தப் பையை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"தடிமலோ?" என்று மாஸ்க்கைப் பார்த்துக் கேட்டார் சுமதி.

"ஓம், கொஞ்சம் தடிமல்," என்றார் அண்ணை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார். தனியே இருக்கப் பயம். சுமதிக்கு அன்ரி வீட்டுப் புட்டும் மீன் குழம்பும் வைத்தார். தனக்கு விரதம் என்று சொல்லிக்கொண்டு மாஸ்க்கோடு பக்கத்தில் நின்றார். சுமதி புட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"நல்ல மெத்தெண்டு இருக்கு. அரைவாசிக்கு அரைவாசி கோதம்பமா போட்டிருக்கினம் என்ன?"

அண்ணை குனிந்து தட்டைப் பார்த்தார்.

"இல்லை, இது அரிசிப் புட்டு," என்றார் அண்ணை.

"ஓம், அரிசிப் புட்டுத்தான். அவிச்ச கோதம்பமா கலக்காமல் உப்பிடி மெத்தெண்டு வராதே. எங்கட அம்மாவும் அப்பிடித்தான் செய்யிறவ. எல்லாற்றை வீட்டிலையும் அதுதானே."

அண்ணை ஃபோனை எடுத்தார். அன்ரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அன்ரி, உங்கட புட்டிலை கோதம்பமா இருக்கோ?"

"ஏன் தம்பி, பழுதாப் போச்சோ?"

"இருக்கோ இல்லையோ?"

"வழமையாப் போடுறதுதான் போட்டனான். பாதி அரிசிமா, பாதி அவிச்ச மா. இடியப்பத்துக்கும் அப்பிடித்தான். தனி அரிசிமாவிலை அவிச்சால் ஆறினாப் போலை கல்லெல்லோ? பிறீசரிலை வைக்கிற பிள்ளையளுக்கு நான் கவனமாத்தான் கலக்கிறனான்."

"அரிசிப் புட்டெண்டு சொன்னியள்!"

"பின்னை அரிசிப் புட்டை என்னெண்டு சொல்லுறது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறேன். ஒரு வருடக் கோதுமையைப் புட்டில் மறைத்த கதையை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் ஒருவரும் மறைக்காமலே. பெருங்காயத்துக்குப் பயந்து ரசத்தைத் தள்ளி வைத்த மனிதர், மூன்று நேரமும் கோதுமையை உருண்டை பிடித்து விழுங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ஏனென்றால் முகத்தைப் பார்க்க முடிந்தது. புட்டை முகர்ந்து பார்க்கிற அவசரத்தில் மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருந்தார். தொப்பியும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை. கையில் புட்டுத் தட்டோடு, வடுவும் சிவப்பும் மூக்கு நுனியில் அந்தப் புதியதுமாக, சுமதிக்கு நேரே நின்றார். அது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. உறைத்ததும் கையால் மூடப் போனார். கையில் தட்டு.

சுமதி சிரிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, தட்டை வையுங்கோ," என்றார் சுமதி. "உங்கட முகம் எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? அங்கை பாருங்கோ."

அவர் காட்டிய பக்கம் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். மேசைக்கு நேர் மேலே தொங்குகிற விளக்கு. அதற்கு நிக்கல் பூசிய உருண்டை மூடி. அதற்குள் குசினி முழுவதும் தெரிந்தது, மேசை, புட்டு, மூன்று தலைகள், எல்லாம்.

"ஒரு வருசமா உதுக்குள்ளைதான் உங்களைப் பாத்தனான். நீங்கள் குனிஞ்சு கிறீம் பூசிறதும் தெரியும். உருண்டையிலை பாக்கேக்கை முகம் இன்னும் வீங்கி, இதைவிட மோசமா இருந்தது. நேரிலை அதிலை பாதியும் இல்லை."

"தெரிஞ்சுமோ வந்தனீர்?" அண்ணை தட்டை மேசையில் வைத்தார்.

"முகத்தைப் பாக்கிறதெண்டால் நான் ரிக்கற் போடத் தேவையில்லையே. ஒரு முகத்தோடை ஒரு வருசமா விடாமல் சண்டை பிடிக்கிற ஆள் எப்பிடி இருக்குமெண்டு பாக்க வந்தனான். உந்தப் பிடிவாதத்திலை கால்வாசி என்னிலை வைச்சியள் எண்டால் எனக்குக் காணும்."

அண்ணை நின்றபடியே அழுதார். சும்மா கண் கலங்கி அல்ல, தோள் குலுங்கி. பிறகு போய்ப் பையைத் திறந்து, பகெற்றை முறித்து, பட்டரும் தடவாமல் ஒரு கடி கடித்தார். மென்றுகொண்டே இருந்தார். "நல்லாக் குழைச்சிருக்கிறீர்," என்றார். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்து படிக்கட்டில் இருந்து சாப்பிட்டேன். எனக்கும் கண் கரித்தது, ஏன் மறைக்க வேண்டும்.

டொக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அந்த அம்மா மேசையில் தலை வைத்துச் சிரித்தார். "அப்போ தினமும் மூணு வேளை கோதுமை சாப்பிட்டுட்டுத்தான் ரத்தம் கொடுத்தீங்க! சார், உங்க டெஸ்ட் செல்லும். உங்களுக்கும் குளூட்டனுக்கும் ஒரு பகையும் இல்லை. முகம் தெளிஞ்சது மருந்தால, சீனியைக் குறைச்சதும் உதவியிருக்கலாம். அதை மட்டும் விடாதீங்க." விடுகிற ஆளா? பிடிவாதம் அப்படியே இருந்தது, அது கோதுமையை மட்டும் விட்டுவிட்டது. காலையும் மாலையும் கிறீம் நடந்தது. பரு முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் அப்பப்ப ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். பெயரும் போகவில்லை. பகெற் கடித்துக்கொண்டு காரில் ஏறுகிறவரை நாங்கள் இன்னும் குளூட்டன் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறோம். என் கார் சீற்றெல்லாம் இப்போது துகள்.

கலியாணம் மண்டபம் நிறைய நடந்தது. படங்கள் ஒட்டிய அல்பத்தைக் கொண்டுவந்த படக்காரர், "எல்லாற்றை முகத்தையும் துப்புரவாக்கிப் போட்டன் அண்ணை," என்று பெருமையாகத் திறந்தார். அண்ணை தன் படத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து மூக்கு நுனியைப் பார்த்தார். "இது ஆர்? இவர் வேண்டாம். என்ர மூஞ்சையைத் திருப்பிப் போடு. மனுசி அதைப் பாக்கத்தான் பிளேன் ஏறி வந்தவ," என்று படக்காரரை விடாமல் பிடித்து, ஒவ்வொரு படத்திலும் வடுவையும் பருவையும் அதனதன் இடத்தில் திரும்ப வைக்கச் செய்தார்.

அந்த அல்பம் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. நான், என் மனைவி, கோயில் ஐயர், புட்டு அன்ரி, எல்லோரும் மாப் பூசினது போல வெள்ளையாய் வழுவழுவென்று இருக்கிறோம், யார் யாரென்றே தெரியவில்லை. புரட்டிக்கொண்டு போகிறபோது என் கை தானாக நிற்பது அவருடைய படத்தில்தான். அத்தனை பேருக்குள்ளும் மா கலக்காத முகம் அது ஒன்றுதான்.